காதில் விழாத சீழ்க்கை



நான் பணியாற்றும் நிஸ்வான் மதரஸாவில் என் மாணவியர் எவருடைய முகத்தையும் நான் கண்டதில்லை. வாயிலை ஒட்டிய முன்னறையில் எனக்கு ஒரு மேசை. மாணவியர் உள்கட்டடத்தின் மாடியில், அவர்களுடைய ஆலிமாவின் மேற்பார்வையில் அமர்ந்திருப்பார்கள். இடையில் இரண்டு சுவர்களும் ஒரு முருங்கைமரம் நிற்கும் முற்றமும் இருக்கின்றன. நான் ஒலிவாங்கியில் பேசுவேன். அவர்கள் ஓதுவது என் மேசைமேல் உள்ள ஒலிபெருக்கியில் கேட்கும். தஜ்வீத் பாடத்தை இவ்வாறுதான் பன்னிரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என் செவியைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இக்கட்டுரைக்கு அது தேவைப்படும்.

2023ஆம் ஆண்டு ரமலான் விடுமுறையில் ஒரு மாலை, கோடைமழையோடு இடி இறங்கியது. முற்றத்தின் குறுக்கே திறந்தவெளியில் ஓடிய கம்பிகளின் வழியே மின்னல் பாய்ந்து, எங்கள் ஒலிபெருக்கிச் சாதனங்கள் அனைத்தும் கருகிப்போயின. அலுவலகம், சமையற்கூடம், விடுதி ஆகியவற்றுக்கு இடையிலான உள்தொலைபேசியும் அன்றே போயிற்று. புதிதாக அமைத்துத் தர ஒரு நிறுவனம் கேட்ட தொகையைப் பார்த்துப் பொருளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றொருவர் மலிவான வழி ஒன்றோடு வந்தார். விலையுயர்ந்த தொலைபேசி மென்பொருள் ஒன்றின் பூட்டுடைத்த நகல் தம்மிடம் இருப்பதாகவும், பத்து நிமிடத்தில் நிறுவித் தருவதாகவும், யாரும் கண்டுபிடிக்க முடியாது என்றும் கூறினார்.

நிர்வாகக் குழுவில் நான் எழுந்து மறுத்தேன். ஒருவர் உழைத்து உருவாக்கியதை அவர் அனுமதியின்றி எடுத்துக்கொண்டு, அதன் வழியாகவே குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பதா என்று கேட்டேன். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஆக்கியோரின் உரிமைகள் ஷரீஅத்தில் மதிக்கப்பட வேண்டியவை என்றும் அவற்றில் அத்துமீறலாகாது என்றும் தீர்மானித்திருப்பதை எடுத்துச் சொன்னேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பொருளாளர் மட்டும் கண்ணாடியை மீண்டும் அணிந்துகொண்டு, “ஹஜ்ரத் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அப்படியானால் வழியையும் ஹஜ்ரத்தே சொல்லட்டும். ஷவ்வால் பிறை பத்தில் மதரஸா திறக்கிறோம்” என்றார்.

சொன்னவன் நான், செய்ய வேண்டியவனும் நானே ஆனேன்.

சிறுவயதில் என்னிடம் மக்தபில் ஓதிய ஒருவர் இப்போது சென்னையில் கணினிப் பணியில் இருக்கிறார். தொலைபேசியில் அவரை அழைத்து முறையிட்டேன். “ஆஸ்டெரிஸ்க் என்று ஒன்று இருக்கிறது, ஹஜ்ரத். காசு கிடையாது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். உரிமமே அப்படித்தான். ஆனால் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்” என்றார்.

அந்த மென்பொருளின் வரலாறும் ஏறக்குறைய எங்கள் நிலையிலிருந்து தொடங்கியதே. 1999இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர் லினக்ஸ் உதவிச் சேவை நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தார். அதற்கு ஒரு தொலைபேசி இணைப்பகம் தேவைப்பட்டது, விலை கட்டுப்படியாகவில்லை. ஆகவே தாமே ஒன்றை எழுதி, மூலநிரலோடு எல்லாருக்கும் திறந்துவைத்தார். சாதாரணக் கணினி ஒன்றைத் தொலைபேசி இணைப்பகமாக மாற்றிவிடும் மென்பொருள் அது.

டெபியன் லினக்ஸின் களஞ்சியத்திலேயே ஆயத்தமாகத் தொகுத்துவைத்த ஆஸ்டெரிஸ்க் கிடைத்தது. ஆனால் அது 16ஆம் வரிசை. அதற்கான பராமரிப்பு அவ்வாண்டு அக்டோபரோடு முடிவதாக இருந்தது. 20ஆம் வரிசைக்கோ 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. ஆகவே மூலநிரலை இறக்கி நாமே தொகுத்துவிடுவது நல்லது என்று தம்பி சொன்னார். மூலநிரல் என்பது மனிதர் படிக்கத்தக்க எழுத்து. கம்பைலர் என்னும் கருவி அதனை இயந்திரம் உணரும் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. அலுவலகத்தில் கிடந்த பழைய கணினி, பயன்படுத்திய ஐபி தொலைபேசிகள் ஐந்து, ஒரு ஸ்விட்ச், குழாய்க்குள் புதைத்து இழுத்த வடம் என எல்லாம் சேர்ந்தும், முதலில் கேட்கப்பட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை.

ரமலான் கடைசிப் பத்து நாள்களை இதில் கழிக்க மனம் வரவில்லை. பெருநாள் முடிந்த மறுநாள் இரவு, இஷாவுக்குப் பின் அமர்ந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. தம்பி அனுப்பிய குறிப்புகளைக் காகிதத்தில் எழுதி மேசைமேல் ஒட்டியிருந்தேன்.

இறக்கிய கோப்பு பழுதின்றி வந்துள்ளதா என்று பார்ப்பது முதல் வேலை. வெளியிடுவோர் கோப்போடு அறுபத்து நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறியீட்டையும் தருகிறார்கள். நம் கணினியில் அதே கணக்கைப் போட்டால் அதே அறுபத்து நான்கும் வர வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். ஸனது பார்க்கப் பழகிய எனக்கு இந்த ஒரு படி மட்டும் அந்நியமாகத் தோன்றவில்லை. விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். கணினியே ஒப்பிட்டுச் சொல்லும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அடுத்தது ‘கன்ஃபிகர்’. தொகுப்பதற்குத் தேவையானவை எல்லாம் இக்கணினியில் உள்ளனவா என்று அது ஒவ்வொன்றாகத் தேடும். வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன, சட்டென நின்றன. ‘லிப்எடிட்’ என்ற நூலகத்தின் உருவாக்கப் பொதி இல்லையாம். அதை நிறுவினேன். இன்னும் சற்றுத் தூரம் ஓடி, வேறொன்று இல்லை என்று நின்றது. இவ்வாறு நான்கு முறை நின்ற பிறகு காகிதத்தை நிதானமாகப் படித்தேன். தேவையானவை அனைத்தையும் ஒரே முறையில் நிறுவித் தரும் சிறு நிரல் மூலநிரலோடே வருகிறது. முதலில் அதை ஓடவிடுங்கள் என்று இரண்டாம் வரியிலேயே தம்பி எழுதியிருந்தார். மாணவியரிடம் அவசரப்படாதீர்கள் என்று நாள்தோறும் சொல்பவன் நான். அதை ஓடவிட்டதும் ‘கன்ஃபிகர்’ இறுதிவரை சென்று, டாலர் குறிகளால் வரைந்த ஒரு நட்சத்திர உருவத்தைத் திரையில் காட்டியது. நள்ளிரவில் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

பின்னர் ‘மெனுசெலக்ட்’. எந்தெந்தப் பகுதிகளைத் தொகுக்க வேண்டும், எவை வேண்டாம் என்று நாமே தேர்ந்தெடுக்கும் பட்டியல் அது. நான் பிழை செய்த இடமும் அதுவே.

அழைத்தவரைக் காத்திருக்கச் சொல்லும்போது ஒலிக்கும் இசைக்கோப்புகள் பட்டியலில் முன்கூட்டியே தேர்வாகியிருந்தன. மதரஸாவுக்கு அவை எதற்கு? நீக்கினேன். அந்த உற்சாகத்தில் மற்றப் பகுதிகளுக்குள்ளும் நுழைந்தேன். குரலை எண்களாக்கும் முறைகளைக் கோடெக் என்கிறார்கள். ஒரு கோடெக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பகுதிகளின் நீண்ட வரிசை ஒன்று இருந்தது. பெயர்கள் எனக்கு விளங்கவில்லை. விளங்காதவற்றைத் தம்பியிடம் கேட்டிருக்கலாம். இரவு ஒரு மணிக்கு அழைப்பது முறையன்று என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இந்தியத் தொலைபேசிகளில் வழங்குவது ‘ஏ-லா’ என்று குறிப்பில் இருந்தது. அதையும் ஓரிரண்டையும் விட்டுவிட்டு, எஞ்சியவற்றில் பலவற்றின் குறியை நீக்கிவிட்டேன். ‘ஜி.722’ என்பது அவற்றுள் ஒன்று. தேவையற்றதை விலக்குவதில் ஒரு பேணுதல் இருப்பதாகக்கூட அப்போது எண்ணினேன்.

‘மேக்’ என்று தட்டினேன். அரைமணி நேரத்துக்கும் மேலாக அந்தப் பழைய கணினி மூச்சிரைத்துக்கொண்டு கோப்புகளின் பெயர்களை வரிசையாகத் தள்ளியது. சுபுஹுக்குச் சில மணி நேரம் இருக்கையில் நிறுவல் முடிந்தது. ஒலிக்கோப்புகளின் அடைவைத் திறந்து பார்த்தபோது குரங்குகள் கத்தும் கோப்பு ஒன்று கண்ணில் பட்டது. அதை ஏன் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என்னவென்று அறிய ஓடவிட்டதில் காவலர் கம்போடு ஓடிவந்தார்.

தொலைபேசிகளை இணைப்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் எண், கடவுச்சொல், அது இருக்கும் முகவரி என மூன்று பத்திகள் எழுத வேண்டும். வகுப்புக்காக, பலர் ஒரே நேரத்தில் பேசிக் கேட்கும் கூட்டழைப்பு அறை ஒன்றையும் அமைத்தேன். முன்னறையிலிருந்து அழைத்தேன். மணி அடித்தது, ஆலிமா எடுத்தார், பேச்சில்லை. பதிவேட்டில், ஜி.722இலிருந்து ஒலியை மாற்றுவதற்கு வழி காணப்படவில்லை என்னும் பொருள்பட ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. அமைப்புக் கோப்பில் தம்பியின் மாதிரிப்படி ‘ஜி.722, ஏ-லா’ என்று இரண்டும் அனுமதிக்கப்பட்டிருந்தன. தொல்லை தரும் முதற்பெயரை அழித்தேன். எச்சரிக்கை மறைந்தது. ஆலிமாவின் ஸலாம் தெளிவாகக் கேட்டது. ஷவ்வால் பத்தில் மதரஸா திறந்தபோது நிர்வாகிகள் ஒவ்வொருவராக வந்து பேசிப் பார்த்துப் பாராட்டினார்கள். “நம்ம ஹஜ்ரத் இன்ஜினீயர் ஆயிட்டார்” என்றார் முதவல்லி. மறுக்கவேண்டிய அளவுக்கு நான் மறுக்கவில்லை.

அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுள் கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த ஒரு பிள்ளையும் இருந்தாள். மெல்லிய குரல். மனனம் உறுதி, மத்துகள் சீர், ஆனால் அரபு நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தாகிய ‘ஸா’ மட்டும் அவளிடம் பன்னிரண்டாம் எழுத்தாகிய ‘ஸீன்’ போல விழுந்தது. தமிழர்களாகிய நமக்கு இது வழமையான இடறல். தமிழில் இரண்டையும் ஒரே ‘ஸ’ கொண்டுதானே எழுதுகிறோம்? ஆனால் அரபியில் பொருளே மாறிவிடும். ‘இஸ்மு’ என்பதில் வருவது ஸீன் ஆனால் பெயர். ஸா ஆனால் பாவம்.

“மகளே, நாக்கின் நுனி மேல்முன்பற்களின் விளிம்பைத் தொடட்டும். ஸீனாக விழுகிறது. மறுபடியும்.”

மறுபடியும் ஓதுவாள்.

“இல்லை. மறுபடியும்.”

இப்படி ஆறு வாரங்கள். மற்றவர்கள் பாடத்தில் முன்னே செல்ல, அவளை அதே இடத்தில் நிறுத்திவைத்தேன். அவள் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. ஒருநாள் ஆலிமா தயக்கத்தோடு, “ஹஜ்ரத், பிள்ளை சரியாகத்தான் ஓதுகிறாள்” என்றார். அவர் முறைப்படி இஜாஸா பெற்றவர். அவருக்கு நான் சொன்ன பதிலை எழுதவே கூசுகிறது. “நீங்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்கிறீர்கள். கண் காதை ஏமாற்றும். நான் ஒலியை மட்டும் கேட்கிறேன்” என்றேன்.

அவளுடைய வாப்பா ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். மீன் ஏலக்கூடத்தில் கூலிவேலை செய்பவர். அன்றைய வருமானத்தை விட்டு வந்திருப்பார். அமரச் சொல்லியும் அமரவில்லை. “பிள்ளை வீட்டுக்கு வந்துடறேங்குது, ஹஜ்ரத். அதுக்கு நாக்குல ஏதும் குறையா? டாக்டர்கிட்ட காட்டணுமா? அவ உம்மா தேன் தடவிப் பாத்துச்சு” என்றார். பயிற்சிதான் தேவை, துஆச் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்கடுத்த வாரம். வழக்கம்போல் அவளை ஓதச் சொன்னேன். வழக்கம்போல் ஸா தவறியது. “மகளே, இன்னும் ஸீனாகத்தான் வருகிறது” என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் ஒலியே இல்லை. பிறகு ஆலிமாவின் குரல் வந்தது.

“இப்போது ஓதியது நான், ஹஜ்ரத்.”

மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. அவரது மக்ரஜை நான் எட்டு ஆண்டுகளாக அறிவேன். அதில் பிழை சொல்ல ஊரில் எவரும் இல்லை, நானும் இல்லை.

அன்று மாலை அவரே ஒரு சோதனை சொன்னார். ‘இஸ்மு’ என்ற சொல்லை இருபது முறை சொல்வார். எது ஸா, எது ஸீன் என்று தம்மிடம் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வார். நான் கேட்டு எழுத வேண்டும். எழுதினேன். ஒப்பிட்டதில் பதினொன்று சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதைத்தான் பெற்றிருப்பேன்.

தம்பியை அழைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “எந்தக் கோடெக் ஓடுகிறது, ஹஜ்ரத்?” என்றார். பார்த்துச் சொன்னேன்: ஏ-லா. “அதுதான்” என்றார். அவர் விளக்கியதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஏ-லா என்பது 1972இல் வகுக்கப்பட்ட ஜி.711 என்னும் தரத்தின் ஒரு வகை. குரலை நொடிக்கு 8000 முறை அளந்து எண்ணாக்குகிறது. அவ்வாறு அளந்தால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் மறுமுனைக்குச் செல்லாது. பழைய தொலைபேசிக் கம்பிகள் கடத்தியதோ ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. பேச்சின் பொருள் விளங்குவதற்கு அது போதும். நலம் விசாரிக்கவும் அரிசி விலை கேட்கவும் போதும்.

ஆனால் ஸீன் என்ற எழுத்து வாழ்வதே அதற்கு மேலேதான். தஜ்வீத் பயின்றவர்கள் ‘ஸஃபீர்’ என்ற பண்பை அறிவார்கள். சீழ்க்கை என்று பொருள். ஸாத், ஸீன், நெடுங்கணக்கில் பதினோராம் எழுத்தாகிய ஸாய் ஆகிய மூன்றுக்கு மட்டுமே நம் முன்னோர் அப்பண்பைச் சொன்னார்கள். நான்காம் எழுத்தாகிய ஸாவும் ஸீனும் மூச்சு ஓடும் ‘ஹம்ஸ்’ எழுத்துகள், இரண்டும் ஒலி தடைபடாமல் நீளும் எழுத்துகள், இரண்டும் மெல்லியவை. பிறப்பிடத்தை விட்டால், கேட்பவன் காதுக்கு இரண்டையும் பிரித்துக் காட்டுவது முதன்மையாக அந்தச் சீழ்க்கைதான். ஸீனின் சீழ்க்கை பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஒலிக்கிறது. நான் நிறுவிய கம்பியோ சரியாக அந்த இடத்தில் கத்தரித்துவிட்டது. சீழ்க்கையை இழந்த ஸீனும், சீழ்க்கையே இல்லாத ஸாவும் என் மேசைக்கு ஒரே உருவில் வந்து சேர்ந்தன. ஸாத் தப்பித்தது. அதன் கனம் அடுத்து வரும் உயிரொலியின் தாழ்ந்த பகுதியிலும் படிந்துவிடுவதால் குறுகிய கம்பியிலும் அதை அறிய முடிந்தது.

அப்படியானால் பழைய மாணவியரிடம் நான் ஏன் இப்பிழையைக் கேட்கவில்லை? இக்கேள்வி என்னை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை. கம்பி எல்லாருக்கும் ஒன்றுதான். பழையவர்கள் சரியாக ஓதுபவர்கள் என்று முன்னரே அறிந்திருந்தேன். ஆகவே ஒலி தெளிவற்று வந்தபோது என் காது அதைச் சரி என்று நிரப்பிக்கொண்டது. இவள் புதியவள், சிற்றூர்ப் பிள்ளை, நம் மக்களின் வழமையான இடறல் இவளிடமும் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அதே தெளிவற்ற ஒலியைக் காது பிழை என்று நிரப்பிக்கொண்டது. கண்தான் காதை ஏமாற்றும் என்று ஆலிமாவிடம் சொன்னவன் நான்.

தீர்வு ஜி.722. 1988இல் வகுக்கப்பட்டது, நொடிக்கு 16000 முறை அளக்கிறது, 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. எடுத்துக்கொள்ளும் இடமோ ஜி.711 எடுத்துக்கொள்ளும் அதே 64 கிலோபிட்தான். எங்கள் தொலைபேசிகள் ஐந்தும் அதை அறிந்திருந்தன. நான்தான் மெனுசெலக்டில் அதன் மாற்றுப்பகுதியை நீக்கி, எச்சரித்த மென்பொருளின் வாயையும் அடைத்திருந்தேன்.

இன்னொரு குழப்பமும் எதிரே வந்தது. தொலைபேசிகள் பரிமாறிக்கொள்ளும் செய்தியைத் திறந்து பார்த்தால் அங்கே ‘ஜி.722/8000’ என்று இருந்தது. இதுவும் 8000தானா என்று மனம் சோர்ந்தேன். தம்பி சிரித்தார். 1996இல் வெளியான இணையத் தர ஆவணம் ஒன்றில் தவறுதலாக 8000 என்று பதிந்துவிட்டார்களாம். அதற்குள் அதன்படி சாதனங்கள் உருவாகிவிட்டதால், 2003இல் வந்த திருத்திய ஆவணத்தில் ‘இது பிழைதான், உண்மையில் 16000, ஆயினும் எழுதும்போது 8000 என்றே எழுதுக’ என்னும் பொருள்படக் குறித்துவைத்தார்களாம். பழைய சுவடியைப் படியெடுப்போர் மூலத்தில் உள்ள பிழையைத் தாமாகத் திருத்தாமல், அருகில் ‘கதா’ என்று குறித்துச் செல்லும் வழக்கம் நினைவுக்கு வந்தது. பிழையைப் பிழை என்று எழுதிவைத்த அந்த முகமறியாப் பொறியாளர்கள்மீது எனக்கு மரியாதை பிறந்தது.

பூட்டுடைத்த நகலை அன்று ஏற்றிருந்தால் இந்நேரம் யாரிடம் சென்று கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். மூலநிரல் நான் இறக்கிய இடத்திலேயே கிடந்தது. இஷாவுக்குப் பின் மீண்டும் மெனுசெலக்டைத் திறந்தேன். இம்முறை எதையும் நீக்கவில்லை. நீக்கியவற்றைத் திரும்பக் குறித்தேன், இசையைத் தவிர. முன்னர் தொகுத்தவை அப்படியே இருந்ததால் ‘மேக்’ சில நிமிடங்களில் முடிந்தது. நிறுவி, அமைப்புக் கோப்பில் நான் அழித்த பெயரை அதே முதலிடத்தில் எழுதினேன். ஒவ்வொரு தொலைபேசியிலும் ஜி.722ஐ முன்னுரிமைக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை, மாணவியர் வருவதற்கு முன்பே ஆலிமா இருபது சொற்களையும் மீண்டும் சொன்னார். பத்தொன்பது சரி. ஒன்றில் முருங்கைமரத்துக் காகம் குறுக்கிட்டது. ஸீன் வந்தபோதெல்லாம் சீழ்க்கை ஊசிமுனைபோல் காதில் இறங்கியது. இத்தனை நாளும் அது இல்லாமல் இருந்ததை நான் உணரவே இல்லை.

7000 ஹெர்ட்ஸும் முழுமையன்று. அதற்கு மேலும் சீழ்க்கை நீள்கிறது. ஆகவே அவ்வாண்டு முதல் தேர்வில் என் மதிப்பெண்ணுக்கு நிகராக ஆலிமாவின் மதிப்பெண்ணும் சேர வேண்டும் என்றும், மக்ரஜ் குறித்த ஐயங்களில் அருகிருந்து கேட்பவரின் முடிவே செல்லும் என்றும் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பொருளாளர் காரணம் கேட்டார். முழுவதையும் சொன்னேன். இன்ஜினீயர் என்று பிறகு யாரும் அழைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பேருந்து ஏறி அப்பிள்ளையின் ஊருக்குச் சென்றேன். அவள் வாப்பாவிடம், பிள்ளையின் நாக்கில் குறையில்லை, குறை என்னிடம் இருந்தது என்றேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பெரியவங்க அப்படிச் சொல்லக்கூடாது, ஹஜ்ரத்” என்றார். சொல்லத்தான் வந்தேன் என்றேன். உள்ளிருந்து அவளுடைய உம்மா தேநீர் அனுப்பினார்.

சனிக்கிழமை வகுப்பில், எல்லாருக்கும் முன்பாகத் திருத்தியதால் எல்லாருக்கும் முன்பாகவே கேட்க வேண்டும் என்று, கூட்டழைப்பைத் திறந்து நடந்ததைச் சொன்னேன். அவளைப் பெயர் சொல்லி அழைத்து, ஆறு வாரங்கள் சரியாக ஓதியவளைத் தவறு என்று சொன்னேன், என்னைப் பொறுத்துக்கொள் மகளே, என்றேன். ஆலிமாவிடமும் கேட்டேன். மறுமுனையில் புத்தகத் தாள்கள் புரளும் ஓசை கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“ஹஜ்ரத்,” என்றாள் அவள், “நான் பாடம் ஓதலாமா?”

ஓதினாள். ஆறு வாரங்களாக நின்ற இடத்தைக் கடந்து அடுத்த பக்கத்துக்குச் சென்றாள். குரல் முதல் நாள் கேட்ட அளவுக்கு உயர்ந்தது. பாதிப் பக்கத்தில், நான்கு ஹரகத் நீட்ட வேண்டிய மத்து ஒன்றை இரண்டோடு நிறுத்திவிட்டதுபோல் தோன்றியது. திருத்த வாயெடுத்தவன், நிறுத்தி, ஆலிமாவிடம் கேட்டேன்.

“ஆமாம், ஹஜ்ரத்,” என்றார். “அது குறைந்துதான் போயிற்று.”